மொட்டைமாடிச் சவாரி

"பக்கத்து வீட்டு அங்கிள் மேல இன்னைக்குப் புகார் கொடுக்காம விடப்போறதில்லை" என்றாள் ரஞ்சிதம், ஹெல்மெட்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தபடி.

மகள் ரக்ஷனா ரொட்டியில் தேங்காய்ப்பால் காயா ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். "இப்ப என்ன மா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணலை. நின்னாரு. அதான் பிரச்சினையே."

எல்லாம் ஆரம்பித்தது ஒரு மாதத்துக்கு முன்னால். ரஞ்சிதம் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் ஆண்டு விருந்தில் குலுக்கல் நடந்தது. அவள் ஆசைப்பட்டது மூன்றாம் பரிசான ரைஸ் குக்கருக்கு. விழுந்தது முதல் பரிசு. மின்சார மவுன்டன் பைக், மலையேறும் சைக்கிள்.

"சிங்கப்பூர்ல மலைக்கு எங்க மா போவ? வித்துடு லா" என்றாள் ரக்ஷனா.

ரஞ்சிதம் விற்கவில்லை. ஐம்பத்து நாலு வயதில் இப்போதுதான் வாழ்க்கையில் முதல் பரிசு என்று ஒன்று வந்திருக்கிறது. கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் தொல்லையும் ஒழியும். மின்சார சைக்கிள் ஓட்டுவதற்கான பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினாள். வண்டியைப் பதிந்து நம்பர் பிளேட் மாட்டினாள். தேக்கா சந்தையில் மல்லிகைச் சரம் வாங்கிக் கைப்பிடியில் சுற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் நசுக்கியாயிற்று. ஓட்டுவது மட்டும்தான் பாக்கி.

பள்ளிக்கூட நாளில் சைக்கிள் ஓட்டியவள்தான். ஆனால் அந்தச் சைக்கிள் சொன்ன பேச்சைக் கேட்கும். இது சொல்வதற்கு முன்பே கிளம்பிவிடும். மெதுவான 'எகோ' மோடில் வைத்தால் பசு மாடு. 'டர்போ'வில் வைத்தால் ஜல்லிக்கட்டு மாடு. பிரேக்கைத் தொட்டால் வண்டி நிற்கும், ரஞ்சிதம் நிற்க மாட்டாள்.

அதனால் பழகுவதற்கு அவள் தேர்ந்தெடுத்த இடம், ஆங் மோ கியோவில் அவர்கள் புளோக்குக்குப் பக்கத்தில் இருந்த பலமாடிக் கார்பார்க்கின் மொட்டைமாடி. தினமும் காலை ஏழரை மணி. லிஃப்டில் வண்டியைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி வைத்தால்தான் கதவு மூடும். கல்யாண வீட்டில் சம்பந்தியைத் தழுவுவதுபோல் அதைக் கட்டிக்கொண்டு மேலே போவாள்.

கீழே சந்தை. அந்த நேரத்துக்குக் கார்கள் வரிசை கட்டும். மேலே மட்டும் ஒரு வண்டி கிடையாது. அம்மன் கருணை என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் வாரத்தில் இரண்டு தடவை விழுந்தாள். இரண்டு தடவையும் முட்டியைத் தடவிக்கொண்டு எழுந்தபோது, கார் ஏறிவரும் சரிவின் வளைவில் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது.

ஜெயரத்தினம். பக்கத்து வீட்டுக்காரர். தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். துணி சொட்டினால் ஒரு கடிதம், செருப்பு ஸ்டாண்ட் நடைபாதையில் அரை அடி நீட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு கடிதம். பன்னிரண்டு வருஷத்தில் ரஞ்சிதத்திடம் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம், "உங்கட துணி சொட்டுது" என்பதுதான்.

இரண்டாம் வாரம் நேராகக் கேட்டுவிட்டாள்.

"என்ன அங்கிள், தினமும் இந்தப் பக்கம்?"

"காலமை நடக்க வாறனான்."

"நிக்கிறீங்களே?"

"நடந்து வந்துதான் நிக்கிறன்" என்றார் அவர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அதன் பிறகும் வந்தார். இவளுக்கு முன்னால் வருவார், இவள் இறங்கிய பிறகுதான் போவார். போகப்போக, கையை வேறு நீட்டி நீட்டி ஆட்ட ஆரம்பித்தார். சரிவுக்குக் கீழே யாரிடமோ பேசுவதும் காதில் விழுந்தது.

"நான் விழுறதை ஆள் கூப்பிட்டுக் காட்டுறாருடி" என்றாள் ரஞ்சிதம் இப்போது, மேசையிலிருந்த ஹெல்மெட்டைத் தள்ளி வைத்துவிட்டு.

"சும்மா இரு மா. அவர் அப்படியெல்லாம் செய்வாரா?"

"துணி சொட்டினதுக்கு மூணு பக்கம் எழுதின மனுஷன் எதையும் செய்வாரு. போனை எடு."

அவள் சொல்லச் சொல்ல, குடியிருப்பைக் கவனிக்கும் பேட்டை அலுவலகத்துக்கு ரக்ஷனா தட்டினாள். 'ஒரு முதியவர் தினமும் நின்று ஒரு பெண்ணை வேவு பார்க்கிறார்.'

"வெறும் பெண்ணுன்னா பத்தாது. 'தனியாக இருக்கும் பெண்'ணுன்னு போடு."

போட்டாள்.

நாலு நாள் கழித்து ரஞ்சிதம் முதல்முறையாக வேலைக்கே சைக்கிளில் போனாள். ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டாள், ஒரு சிவப்பு விளக்கில் காலை ஊன்றி அழகாக நின்றாள், எங்கேயும் விழவில்லை. சாயங்காலம் அந்தப் பெருமையோடு வீடு திரும்பினால், வாசலில் ஒரு இளம்பெண் காத்திருந்தாள். பேட்டை அலுவலகத்திலிருந்து வந்திருப்பதாகவும், பெயர் இனியா என்றும் சொன்னாள்.

"ஆண்டி, உங்க புகாரை விசாரிச்சோம். அந்த அங்கிள் மேல ஏற்கெனவே ஏழு புகார் இருக்கு."

ரஞ்சிதத்துக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. "கேட்டியா" என்று உள்ளே மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏழு பேரும் பொம்பளைங்களாம்மா?"

"இல்ல ஆண்டி, சந்தைக்கு வர்ற கார்க்காரங்க. யாரையும் மொட்டைமாடிக்கு ஏறவிட மாட்டேங்கிறாராம். எச்சரிச்சும் பார்த்தாச்சு. மறுநாளும் வந்து நிக்கிறாரு."

ரஞ்சிதம் கையிலிருந்த ஹெல்மெட்டை மெல்லக் கீழே இறக்கினாள்.

"'மேல ஒரு பிள்ளை சைக்கிள் பழகுது, காரைக் கண்டால் பயந்து விழுந்திடும், கீழயே நிப்பாட்டுங்கோ'ன்னு கைநீட்டி மறிக்கிறாராம்" என்றாள் இனியா. "எந்த வீட்டுப் பிள்ளை ஆண்டி அது, உங்களுக்குத் தெரியுமா?"