கேமராவில் சிக்கிய பிள்ளை

"அம்மாவை அனுப்பிட்டு உங்க பையன் எங்க ஒளிஞ்சிக்கிட்டிருக்கான்?" என்று கேட்டாள் மரிசெல்.

போக்குவரத்து அலுவலகத்தில் நான்காவது ஜன்னல் அவளுடையது. கேமரா பிடித்த வண்டிகளின் விவகாரமெல்லாம் அங்கேதான் வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற நோரல்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகிறவள் போல நல்ல கவுன் உடுத்தி, தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஒளியல கண்ணு, வேலைக்குப் போயிருக்கான். எல்கின் நல்ல பையன்."

"இங்க வர்ற எல்லா அம்மாவும் அதையேதான் சொல்றாங்க." மரிசெல் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "பாருங்க. மூணு மாசத்துல மூணு தடவை. அதே கார்த்தாகோ ரோடு, அதே கேமரா. அறுபதுல போக வேண்டிய இடத்துல தொண்ணூத்தஞ்சு."

மூன்று படங்களும் பின்னாலிருந்து எடுத்தவை. கரும்புக் காட்டை ஒட்டிய சாலை, ஒரு மோட்டார் சைக்கிள், வண்டி எண் ஒட்டிய ஹெல்மெட், காற்றில் உப்பிய சிவப்பு ஜாக்கெட். நோரல்பா மூன்றையும் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாள்.

மரிசெல்லுக்கு இந்த இளவட்டங்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இப்போது கேமரா இருக்கும் அந்த வளைவில் போன வருஷம் நான்கு பையன்கள் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒருவன் அவள் தம்பியோடு படித்தவன். கேமரா வந்த பிறகு அங்கே ஒரு உயிரும் போகவில்லை. "கேமராவைத் தாண்டினதும் மறுபடி முறுக்குறானுங்க, எல்லாம் வெட்டி வேலை" என்று பக்கத்து ஜன்னல் ஹெர்மெஸ் காப்பி நேரத்தில் கிண்டலடிப்பார். அவள் விட்டுக்கொடுக்காமல் சண்டை போடுவாள். ஆனால் இந்த எல்கின் கணக்கு மட்டும் வேறாக இருந்தது.

"ஐந்நூறு மீட்டருக்கு முன்னாடியே கேமரா இருக்குன்னு மஞ்சப் பலகை வச்சிருக்கோம். எப்பேர்ப்பட்ட காலிப்பயலும் அதைப் பார்த்தா பிரேக் போடுவான். உங்க புள்ள அங்க வந்துதான் முறுக்குறான்."

நோரல்பா லேசாகச் சிரித்தாள். மரிசெல்லுக்கு எரிச்சலாக வந்தது.

"சிரிக்காதீங்க. கடைசிப் படத்தோட தேதியைப் பாருங்க. அன்னையர் தினம். ஊரே அம்மாவைக் கூட்டிக்கிட்டுச் சாப்பிடப் போன நாள். பெத்தவளைத் தனியா விட்டுட்டு ஐயா ரேஸ் விட்டிருக்காரு."

"ஆமா, அன்னிக்கு வீட்டுல நான் மட்டும்தான்," என்றாள் நோரல்பா. "கோழி போட்டு சான்கோச்சோ சூப் வச்சிருந்தேன். பெரிய பானை. மூணு நாளைக்கு அதையே சாப்பிட்டேன்."

அதைக் கேட்டதும் மரிசெல்லுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

"மூணாவது தடவைங்கிறதால ஆறு மாசத்துக்கு லைசென்ஸை முடக்கிடுவாங்க. இன்னிக்குச் சாயங்காலம் உத்தரவு போயிடும்."

"அதைத் தடுக்கத்தான் கண்ணு ஓடி வந்தேன். அவன் பஸ் ஓட்டுறவன். லைசென்ஸ் போனா பொழைப்பே போச்சு."

"பஸ் டிரைவரா? விளங்கிடும்." மரிசெல் பெருமூச்சு விட்டாள். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "ஒரே ஒரு வழி இருக்கு. வண்டி அவன் பேர்ல இருந்தாலும், ஓட்டினது வேற ஆளுன்னா அவங்க இதுல எழுதிக் கையெழுத்துப் போடணும். தம்பி, கூட்டாளின்னு யாராவது வண்டியை எடுத்துக்கிட்டுப் போனாங்களா?"

நோரல்பா படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போட்டா, இனிமே இந்த வண்டிக்கு வர்ற நோட்டீஸ் எல்லாம் யாருக்குப் போகும்?"

"கையெழுத்துப் போட்டவங்களுக்கு. உங்க பையன் போனுக்கு இனிமே ஒண்ணும் போகாது."

"ஒண்ணுமே போகாதா? சும்மா தகவலுக்குக்கூட?"

"போகாதும்மா. நல்லதுதானே, நிம்மதியா இருப்பான்."

நோரல்பாவின் முகம் வாடிப்போயிற்று. படிவத்தை வாங்கிக்கொண்டு போய் மூலையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளையைக் காப்பாற்ற வழி கிடைத்தும் இந்த அம்மா ஏன் இப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள் என்று மரிசெல்லுக்கு விளங்கவில்லை. வேறு யாராவதாக இருந்தால் கையைப் பிடித்து முத்தமே கொடுத்திருப்பார்கள்.

வரிசையில் நின்ற மூன்று பேரை மரிசெல் அனுப்பிய பிறகுதான் நோரல்பா எழுந்து வந்தாள். கண்ணாடிக்கு அடியில் படிவத்தை நீட்டிவிட்டு, அதை விட மனமில்லாதவள் போல ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மரிசெல்தான் இழுத்து வாங்க வேண்டியிருந்தது.

"அம்மா, ஓட்டினவங்க பேரைக் கேட்டா உங்க பேரை எழுதியிருக்கீங்க. பையனுக்காகப் பொய் சொன்னா உங்களுக்குத்தான் வம்பு."

"பொய் இல்ல. லைசென்ஸ் நம்பரும் என்னோடதுதான், போட்டுப் பாரு. அந்த ஜாக்கெட் மட்டும் அவன் விட்டுட்டுப் போனது."

மரிசெல் திரையைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். "எதுக்கும்மா இந்த வயசுல இப்படி?"

"எல்கின் பொகோட்டா போயி ரெண்டு வருஷம் ஆச்சு கண்ணு," என்றாள் நோரல்பா. "நோட்டீஸ் அவன் போனுக்குப் போற அன்னிக்கு மட்டும்தான் என்னைக் கூப்பிடுறான். திட்டத்தான் கூப்பிடுறான், ஆனா அரை மணி நேரம் பேசுறான்."