பதினெட்டாவது புகார்

வெள்ளிப் பெயின்ட் காய்வதற்குள் நகராட்சி அதிகாரி வந்துவிட்டார். சிலைக்கு மூக்கு நுனி அரிக்க ஆரம்பித்ததும் அப்போதுதான்.

சிலை என்றால் கல் சிலை இல்லை. பழைய கோட்டு ஒன்றை மாட்டி, உடம்பெல்லாம் வெள்ளிப் பெயின்ட் பூசிக்கொண்டு, ஒரு பெட்டி மேல் அசையாமல் நிற்கிற ஆள். யாராவது கைதட்டினால் குனிந்து ஒரு வணக்கம் போடுவான். அவ்வளவுதான் அவன் கலை.

ஊரின் பழைய கடைவீதி அது. ஊருக்கு வெளியே பெரிய மால் வந்ததும் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிவிட்டன. செத்த வீதிகளுக்கு உயிர் கொடுக்கிறோம் என்று நகராட்சி மூன்று வீதிகளைக் 'கலை வீதி' ஆக்கியது. அதில் இது ஒன்று. மாலையானால் ஒரு வயலின்காரர், படம் வரைகிற ஓர் அம்மா, இந்தச் சிலை.

நாலு மாதம் பார்ப்பார்கள். கூட்டம் வந்தால் நீடிக்கும். வராவிட்டால் கார் நிறுத்துமிடம். இன்றைக்கு அந்தத் தீர்ப்புதான்.

இதற்கு முன்னால் சிலை ஒரு ஜவுளிக் கடை வாசலில் கரடி வேஷம் போட்டவன். அந்தக் கடையும் மூடிவிட்டது. இந்த வீதியும் போனால் நிற்பதற்கு அவனுக்கு வேறு இடமில்லை.

இதற்கு நடுவில் டெய்லர் மாஸ்டர் என்று ஒரு புண்ணியவான். வீதியில் இன்னும் திறந்திருக்கிற ஒரே கடை அவருடையது. வாராவாரம் திங்கட்கிழமை தையல் மிஷின் மேல் பேப்பரை வைத்து ஒரு புகார் எழுதுவார். எல்லாரும் பார்க்க, வீதி முனையில் இருக்கும் நகராட்சிப் புகார்ப் பெட்டியில் போடுவார்.

"யாரைப் பத்தி மாஸ்டர்?" என்று வயலின்காரர் ஒரு தடவை கேட்டார்.

"உங்களைப் பத்தித்தான். வேற யார் இருக்கா இங்க?"

அன்றிலிருந்து யாரும் அவருக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "கால் கடுக்க நாம நிக்கிறோம், இந்த மனுஷன் வயித்துல அடிக்கிறாரே" என்று சிலை தினமும் புலம்புவான். பெட்டியை விட்டு இறங்கின பிறகுதான்.

அதிகாரி அம்மா கையில் தடியாக ஒரு ஃபைல். சிலைக்கு எதிரே இருந்த தையல் கடைக்கு நேராகப் போனார்.

"பதினேழு புகார் போட்டது நீங்கதானா சார்?"

"நானேதான். ஒண்ணுக்காவது பதில் வந்துதா?"

அதிகாரி ஃபைலைப் பிரித்தார். "'கும்பல் தாங்க முடியவில்லை. கடைக்குள் காற்றே வருவதில்லை.' இது மூணாவது. 'சிலையைப் பார்க்க முண்டியடிக்கிறார்கள். என் வாசல்படி உடைந்துவிட்டது.' இது பத்தாவது."

சிலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. முண்டியடித்தார்களா? நேற்று வந்தது மொத்தம் நாலு பேர், ஒரு நாய். அதில் இரண்டு பேர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டவர்கள். வாய் கூசாமல் இப்படியா ஒரு மனுஷன் புளுகுவான்? இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்றால், அதிகாரி முன்னால் சிலை அசையலாமா? மூக்கு வேறு விடாமல் அரித்தது.

அதிகாரி வீதியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "கும்பல்னு எழுதியிருக்கீங்க. ஒருத்தரையும் காணோமே சார்?"

மாஸ்டர் அசரவில்லை. "இதைத்தாம்மா நானும் சொல்றேன். கரன்ட்காரர் வந்து நின்னா, எரியாத விளக்கு தானா எரியும் பாருங்க, அது மாதிரிதான். அதிகாரி வந்தா ஒருத்தன் நிக்க மாட்டான். நீங்க அந்தப் பக்கம் போங்க, இங்க கால் வைக்க இடம் இருக்காது."

அதிகாரிக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அவர் வீட்டு விளக்கும் அப்படித்தான்.

"மன்னிச்சுக்குங்க சார். உங்களுக்குச் சாதகமா ஒண்ணும் செய்ய முடியல. இது டிக்கெட் இல்லாத கலை. தலையை எண்ண எங்ககிட்ட ஆள் கிடையாது. அதனால புகாரை எண்ணினோம். மத்த ரெண்டு வீதியிலயும் ஒரு புகார்கூட இல்ல. ஆள் வந்தாத்தானே புகார் வரும்? அந்த ரெண்டையும் மூடிட்டோம். இங்க பதினேழு. அதனால இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிச்சாச்சு. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"போச்சு, எல்லாம் போச்சு" என்று மாஸ்டர் கையோடு கையைத் தட்டிக்கொண்டார்.

தட்டல் காதில் விழுந்ததும், தொழில் பழக்கத்தில் சிலை குனிந்து ஒரு வணக்கம் போட்டுவிட்டான். அதிகாரி பதறி இரண்டடி பின்வாங்கினார். பிறகு சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்.

சிலைக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பெட்டியிலிருந்து குதித்து இறங்கி, மூக்கை ஆசை தீரச் சொறிந்தான். நேராக மாஸ்டரின் கடை வாசலுக்குப் போனான். உடையாத அந்த வாசல்படி மேலேயே ஏறி நின்றான்.

"என்ன மாஸ்டர், எங்களைக் கிளப்பத்தானே புகார் போட்டீங்க? கடைசியில அதுவே எங்களைக் காப்பாத்திடுச்சு. வயிறு எரியுதா?"

மாஸ்டர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"திரும்பி நில்லு. குனிஞ்சதுல கோட்டு தோள்கிட்ட பிரிஞ்சிருக்கு."

தைத்தபடியே சொன்னார்: "எட்டு வருஷம் இந்த வீதியில என் மிஷின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டுத் தனியா உட்கார்ந்திருந்தேன்டா. பைத்தியம் பிடிக்காததுதான் பாக்கி."

சிலைக்கு ஒன்றும் புரியவில்லை. மாஸ்டர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"பதினெட்டாவதை நீயே எழுதிடு. வராத கும்பலை எழுதி எழுதி எனக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு."