உயிருள்ள சரக்கு

"எத்தனை மணி நேரமாப்பா ஓட்டறே?"

"பத்தொன்பது மணி நேரம் சார்."

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோதனைச் சாவடியில் இருபத்தாறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறார். இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்ன லாரி டிரைவரை இன்றுதான் பார்க்கிறார். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது சட்டம். அதனால் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் எல்லா டிரைவர்களும் ஏழரை மணி நேரம்தான் ஓட்டியிருப்பார்கள்.

பயணப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அதிலும் பத்தொன்பது மணி நேரம் பளிச்சென்று எழுதியிருந்தது.

"ஏம்பா, உனக்குப் பிழைக்கவே தெரியாதா? உன் கையாலயே எழுதி வச்சு மாட்டிக்கிட்டு நிக்கறியே!"

டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். கண்கள் கோவைப் பழமாகச் சிவந்திருந்தன. நட்டநடுப் பகலில், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் அவனால் நிற்க முடிந்தது. சட்டைப் பையில் கம்பெனி கொடுத்த போன் ஸ்பீக்கரில் கரகரத்துக்கொண்டிருந்தது. வண்டி நின்றுவிட்டது என்று தெரிந்த மறு நிமிஷமே முதலாளி லைனில் வந்துவிட்டார்.

"சார், எவனோ வேணும்னே புகார் கொடுத்திருப்பான் சார்," என்றது பை. "வண்டில கோழிக்குஞ்சு சார், நேத்துப் பொரிச்சது. சாயங்காலத்துக்குள்ள பண்ணைக்குப் போயாகணும்."

புகார் வந்தது உண்மைதான். காலையில் யாரோ அவசர எண்ணுக்குக் கூப்பிட்டு, லாரி நம்பரைச் சொல்லி, 'டிரைவர் தூங்கி விழறான், எங்கேயாவது யாரையாவது ஏத்திடப் போறான், பிடிச்சு நிறுத்துங்க' என்று சொல்லியிருந்தார்கள்.

"வண்டியை நிறுத்தி வச்சா வேற டிரைவரை அனுப்புவீங்கல்ல?" என்று பையிடம் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அனுப்பத்தான் வேணும். ஆனா வர்றதுக்கு மூணு மணி நேரம் ஆகும் சார். நீங்க பார்த்து ஏதாவது..."

இன்ஸ்பெக்டர் டிரைவர் பக்கம் திரும்பினார். "சட்டப்படி பார்த்தா உன்னைப் பின்னாடி ரூம்ல பத்து மணி நேரம் படுக்க வைக்கணும். தெரியுமில்ல?"

டிரைவர் அந்த அறையைத் திரும்பிப் பார்த்தான். நாலு கட்டில், ஒரு மின்விசிறி. வைத்த கண் வாங்காமல் பார்த்தான். ஜெயிலைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறானே பாவி என்று இன்ஸ்பெக்டருக்கு மனசு இளகிவிட்டது.

"சட்டம்னா சட்டம்தானே சார்," என்றான் மெதுவாக. "என்ன உண்டோ அதைச் செய்ங்க."

"டேய், வாயை மூடுடா!" என்று பை அதட்டியது. "சார், அவனுக்குப் பேசத் தெரியாது சார்."

எதிர்த்துப் பேசுகிறவனைத்தான் இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்காது. இப்படிப் பணிந்து நிற்கிறவனுக்காக என்ன வேண்டுமானாலும் செய்வார். அவருடைய அக்கா வீட்டுக்காரரும் லாரி ஓட்டியவர்தான்.

"வண்டி நின்னா யார் சம்பளத்துல கை வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும்பா. பயப்படாதே, நான் இருக்கேன்."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விதிப் புத்தகத்தை எச்சில் தொட்டுப் புரட்டினார். விலக்குகள் வரிசையாக இருந்தன. தீயணைப்பு வண்டி, மருந்து, பால்...

"இதோ! உயிருள்ள சரக்கு. ஓட்டும் நேரக் கட்டுப்பாடு பொருந்தாது."

"கோழிக்குஞ்சு அதுல வராது சார்." டிரைவர் புத்தகத்தை எட்டிப் பார்த்தான். "ஆடு, மாடுதானே சார் போட்டிருக்கும்? இன்னொரு தடவை நல்லாப் பாருங்க சார்."

"எல்லாம் வரும்பா. வண்டிக்குள்ள இருக்கற உயிர் வாடிடக் கூடாதுன்னுதானே இந்த விலக்கே வச்சிருக்கான்!"

முத்திரையை ஓங்கிக் குத்தினார். டிரைவர் கையெழுத்துப் போட்டான். எழுத்து கோட்டை விட்டு எங்கோ போயிற்று. பொலபொலவென்று கண்ணீர் காகிதத்தில் விழுந்தது.

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா? இன்னும் ஆறு மணி நேரம்தான். சரக்கை இறக்கிட்டு அங்கே போய் நிம்மதியாத் தூங்கு."

"ரொம்ப நன்றி சார்!" என்றது பை. "டேய், வண்டி கிளம்பற சத்தம் கேட்டாத்தான் போனை வைப்பேன். ஏறு."

அவன் ஏறினான். முதல் படியில் கால் வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினான். லாரி சாலையில் சேர்ந்து மறையும் வரை இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று கையசைத்தார். எத்தனையோ பேருக்கு உதவியிருக்கிறார். நன்றியில் கண்ணீர் விட்டவன் இவன் ஒருவன்தான்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று புகார் கொடுத்தவருக்குத் தெரிவித்துவிட்டுத்தான் பதிவேட்டை மூட வேண்டும். அதில் குறித்திருந்த எண்ணை அழுத்தினார். எதிரே யாரோ எடுத்ததுமே இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்ன லாரியைச் சோதிச்சோம். எல்லாம் சட்டப்படி சரியா இருக்கு, அனுப்பிட்டோம். பாவம், அந்தாள் அழுதுட்டான். இனிமே அடுத்தவன் பிழைப்புல இப்படி மண்ணை அள்ளிப் போடாதீங்க!"

மறுமுனையில் சற்று நேரம் லாரி எஞ்சினின் இரைச்சலும், அதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கோழிக்குஞ்சுகளின் கீச்சொலியும் மட்டும் கேட்டன.

"முதலாளி லைன்லயே இருந்தாரு சார், அதான் நேர்ல சொல்ல முடியல," என்றது தூக்கத்தில் குழறிய குரல். "மன்னிச்சுக்குங்க, இனிமே புகார் பண்ண மாட்டேன் சார்."