கல் இல்லாத மண்

"மடியில என்ன வச்சிருக்க மாடத்தி? அவுத்துக் காட்டு."

முனியராஜ் அதட்டியதும் மண் சலித்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் கையை நிறுத்தினார்கள். மாடத்தி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அப்படிப் பொத்தினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

காணாமல் போனது சாதாரணப் பொருள் இல்லை. துப்பாக்கித் தோட்டா, முழுசாக ஒரு பெட்டி. முதலாளி காளிராஜின் மகள் ஹர்ஷினி மாநிலப் போட்டியில் மெடல் வாங்கியவள், அடுத்து தேசியப் போட்டிக்குப் போகிறாள். பழகுவதற்குத் தினமும் மதுரைக்கு அலைய வேண்டாம் என்று, ஏழாயிரம்பண்ணை ரோட்டில் சும்மா கிடந்த சொந்த நிலத்திலேயே அவளுக்கு ஒரு துப்பாக்கி சுடும் தளம் கட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்குத்தான் இடத்தைப் பார்க்கத் துப்பாக்கியோடு வந்திருந்தாள். தோட்டா குறைந்தால் லைசென்ஸ் போய்விடும்.

நிலம் ஏன் சும்மா கிடந்தது என்பது ஊருக்கே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே அவருடைய பட்டாசுக் கம்பெனி ஓடியது. மருந்து அறை வெடித்து நாலு பேர் போனார்கள். ரிஜிஸ்டரில் இருந்த நாலு பேர் வீட்டுக்கும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, இடிபாட்டை ஜேசிபியால் குழியில் தள்ளி மூடிவிட்டார். அப்போது போர்மேனாக இருந்த முனியராஜ்தான் இப்போதும் வேலையைப் பார்த்துக்கொள்கிறான்.

சுடுகிற இலக்குப் பலகைக்குப் பின்னால் பதினைந்தடிக்கு மண்மேடு எழுப்ப வேண்டும். அதில் பொடிக்கல்கூட இருக்கக் கூடாது, கல்லில் பட்டால் தோட்டா தெறித்துச் சுட்டவர் மேலேயே திரும்பி வரும் என்று ஹர்ஷினியின் கோச் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூடிய குழியின் மண் இளகிக் கிடந்ததால் அதையே தோண்டிச் சலித்தார்கள்.

மாடத்தி கூப்பிடாமலே வேலைக்கு வந்தவள். மற்றவர்கள் மணல் சல்லடையில் ஒரு தரம் சலித்துப் போட்டதை, அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாவு சல்லடையில் இன்னொரு தரம் சலித்தாள். இம்புட்டு நறுவிசு வேண்டாம் என்று முனியராஜ் சொல்லிப் பார்த்துவிட்டான். அவள் காதில் வாங்கவே இல்லை.

வேலையில் கெட்டிதான், ஆனால் ஊரில் அவள் குடும்பத்துக்குப் பேர் கெட்டுப்போயிருந்தது. மகள் இசைவாணி இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி வேன் டிரைவரோடு ஓடிப்போனவள். டிரைவர் ஊரை விட்டுப் போன அன்றைக்கே அவளையும் காணோம் என்றால் இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? தகப்பன் சீனிச்சாமி அன்றிலிருந்து வீட்டை விட்டு வெளியே தலைகாட்டுவதில்லை. மகளே அப்படி என்றால் தாய் மட்டும் எப்படி இருப்பாள் என்று, இதோ சல்லடையைப் பிடித்துக்கொண்டே ரெண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

காளிராஜ் காரிலிருந்து இறங்கி வந்தார். சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

"போலீஸ் வந்தா எல்லார் முன்னாலயும் வச்சு சோதிப்பாக. அசிங்கம் ஒனக்குத்தான். நீயே காட்டிட்டுப் போயிரு."

தோட்டா எப்படி இருக்கும் என்றே தனக்குத் தெரியாது என்றாள் மாடத்தி. திருடி என்று எல்லோரும் பார்த்தபோதுகூட அவள் கலங்கவில்லை. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று முனியராஜ் சொன்னதும்தான் அழுதாள். குழியில் இன்னும் மூணு நாள் மண் பாக்கி இருக்கிறது, அதுவரைக்கும் மட்டும் விட்டுவிடுங்கள், கூலிகூட வேண்டாம் என்று கெஞ்சினாள்.

அப்போது காருக்குள்ளிருந்து ஹர்ஷினி ஓடி வந்தாள். தோட்டாப் பெட்டி துப்பாக்கிப் பையின் பக்கத்து அறையிலேயே இருந்ததாம். தான்தான் பார்க்காமல் விட்டதாகச் சொன்னவளுக்கு மாடத்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். பத்துப் பேர் முன்னால் வாயை விட்ட முனியராஜுக்கு மட்டும் இறங்கி வர மனசில்லை. பித்தளையோ செம்போ, கம்பெனி இடத்துப் பொருள் எதையோ தினமும் கொண்டுபோகிறாள் என்று சொல்லி, பையை வெடுக்கென்று பிடுங்கிக் கார் பானட்டின் மேல் கொட்டினான். பாவி, கொட்டாமல் இருந்திருக்கலாம்.

கருகிய பற்கள் மூன்று விழுந்தன. விரல் எலும்பு போல இரண்டு துண்டு. பாதி உருகிப்போன ஒற்றைத் தோடு.

முனியராஜ் பானட்டை விட்டு ஓரடி விலகினான். "நாலு பேரையும்தான் அன்னைக்கே முழுசா எடுத்துக் குடுத்துட்டோமே... இது யாருது?"

ஹர்ஷினி மெல்லத் திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். கடைசியாகத் தோட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ரிஜிஸ்டரில் பேர் இல்லை, அதனால் கம்பெனி வெடித்த அன்றைக்கு உன் மகள் வேலைக்கே வரவில்லை என்று போலீஸ் முன்னால் சொல்லி அவளைத் திருப்பி அனுப்பிய காளிராஜை நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்மக எவங்கூடயும் ஓடிப் போகல மொதலாளி."