இருபத்திரண்டு படிகள்

"முப்பத்தொண்ணாந்தேதி வெள்ளிக்கிழமை நான் ஆபீசுக்குப் போயே ஆவணும் டாக்டரம்மா" என்றார் தேவமணி.

டாக்டர் சித்ரலேகா நாட்காட்டியைப் பார்த்தார். "மூட்டு மாத்தி ஆறு வாரம் முடிய அன்னைக்கு மூணு நாள் குறையுதே. திங்கக்கிழமை போங்களேன்."

"திங்கக்கிழமை போய் என்ன செய்ய?"

"வெள்ளிக்கிழமை அப்படி என்ன வேலை?"

"உக்காந்து ஃபைல் பாக்க வேலைதான். ஆனா ஆபீஸ் மாடியில. இருபத்திரண்டு படி."

"ஏறும்போது நல்ல காலை முதல்ல வைங்க. இறங்கும்போது ஆபரேஷன் செஞ்ச காலை முதல்ல வைங்க. அப்பத்தான் உடம்பைத் தாங்கிப் பைய இறக்குற பாரம் நல்ல காலுக்குப் போகும். எங்க, செஞ்சு காட்டுங்க."

தேவமணி ஆஸ்பத்திரி லிஃப்டில் மேலே போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார். மறுபடியும் லிஃப்டில் போய், மறுபடியும் இறங்கினார்.

"என்ன சார், ஏறிப் பழகவே இல்லையே?"

"காலையில நாலு பயலுவ நாற்காலியோட தூக்கி மேல கொண்டு போயிருவானுவ. சாயங்காலம் நானாத்தான் இறங்கணும்."

"ஏன், அவங்களே இறக்கிவிட மாட்டாங்களா?"

"அதுக்குத்தான் பயப்படுதேன். அன்னைக்கு நான் ரிட்டயர் ஆவுதேன்மா. முப்பத்தாறு வருச சர்வீசு. கழுத்து நிறைய மாலை போட்டுத்தான் அனுப்புவானுவ."

"சந்தோசம்தானே சார்?"

"மாலை போட்ட மனுசனை நாலு பேரு தூக்கிட்டு வந்தா, தெருவுல பாக்கவன் என்னம்மா நெனப்பான்?"