தாங்கும் எடை

கடைக்காரர் ஸ்டூலைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

உட்காரப் போன டாக்டர் தனப்பிரியாவுக்கு உச்சந்தலை வரை சுட்டது. ஒல்லியாக ஒருத்தி வந்திருந்தால் இந்தக் கைகள் பாக்கெட்டில்தான் இருந்திருக்கும்.

சேலத்தில் பல் மருத்துவச் சாமான் விற்கும் கடை அது. குதிரைச் சேணம் போல வளைந்த சீட்டு, அடியில் சக்கரம், இருபுறமும் கால் போட்டு உட்கார வேண்டும். முதலில் பார்த்த ஸ்டூல் தொடையை அறுத்தது. அடுத்தது, அவள் உட்கார்ந்ததும் புஸ்ஸென்று தரைக்கு இறங்கியது. பல் டாக்டர் என்றாலே முருங்கைக்காய் போலத்தான் இருப்பாள் என்று எவனோ நினைத்துச் செய்திருக்கிறான்.

கணவன் சிவக்குமார் கோழிப்பண்ணைக்காரன். கதவோரம் நின்று செல்போனில் முட்டை விலை பார்த்துக்கொண்டிருந்தான்.

எருமப்பட்டியில் அவளுடைய கிளினிக்கில் பழைய ஸ்டூல் உடைந்து மூன்று வாரம். பாவாயி அக்காவின் பல்லை அடைக்கக் குனிந்தபோது படாரென்று சாய்ந்தது. வாயில் பஞ்சோடு அந்த அக்கா சிரித்த சிரிப்பு, மறுநாள் சந்தை வரைக்கும் போய்விட்டது.

அன்று ராத்திரி சிவக்குமார் அவள் தட்டிலிருந்து இரண்டு இட்லியை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டான். உடம்பைக் குறை என்று எத்தனை தடவை சொன்னேன் என்றான். அவளும் வாயை மூடிக்கொண்டு எடுக்க விட்டாள். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

அன்றிலிருந்து ராத்திரிக்கு ஒரு தம்ளர் ராகிக் கூழ். பகல் முழுக்க நின்றபடியே வேலை. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. கிளினிக் வாசலுக்கு மேலே, கண் படாமலிருக்க அவன் கட்டிய திருஷ்டிப் பூசணிக்காய் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கியது.

கடைசி ஸ்டூல் அகலம். இரும்புக் கால். உட்கார்ந்தாள்.

முதுகு தானாக நிமிர்ந்தது. தொடையில் எதுவும் குத்தவில்லை. காலால் ஒரு உந்து உந்தினாள். கடைக்காரரின் கையிலிருந்து நழுவி, கடையின் அந்தக் கோடி வரைக்கும் உருண்டு போனாள். அழுகை வரும் போலிருந்தது.

இதுவே போதும் என்றாள்.

பில் போடக் கடைக்காரர் ஊரும் பேரும் கேட்டார். சிவக்குமார் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, எருமப்பட்டி சாருங்களா? போன மாசம் அமாவாசையன்னைக்குப் போன் பண்ணுனீங்களே. பூசணிக்கா கட்டறதுக்கு ஸ்டூல் மேல ஏறி நின்னு அடிக்கால் வெடிச்சுப்போச்சு, கால் மட்டும் தனியாக் கெடைக்குமான்னு கேட்டீங்களே."

சிவக்குமார் தலையைத் தூக்கவில்லை. முட்டை விலை அவனுக்கு அவ்வளவு சுவாரசியமாக ஒருநாளும் இருந்ததில்லை.

தெரிந்தே உட்கார விட்டிருக்கிறான். தெரிந்தே இட்லியை எடுத்திருக்கிறான்.

தனப்பிரியா ஸ்டூலை விட்டு எழவில்லை. உருட்டிக்கொண்டே அவன் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"கார் சாவியக் குடுங்க. நீங்க பஸ்ஸுல வாங்க. வந்ததும் அந்தப் பூசணிக்காய எறக்குங்க. ஏணி போட்டு."