இரண்டாவது பீஸ்

“தலையை முதல்ல உள்ள வை. உடம்பைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்.”

விமான நிலைய வாசலில் மண்டியிட்டபடி தையற்காரியின் கணவர் இதைச் சொன்னபோது, தள்ளுவண்டியுடன் கடந்துபோன ஒருவர் திடுக்கிட்டு நின்றார். பழைய போர்வையின் விளிம்பில் தையல் மிஷினின் சக்கரம் எட்டிப் பார்த்த பிறகே அவருக்கு மூச்சு வந்தது.

தையற்காரி மிஷின் தலையைப் பெட்டியின் அடியில் கிடத்தி, அது ஆடாதிருக்க இடுக்குகளில் ரவிக்கைப் பீஸ்களைத் திணித்தாள். மற்றொரு பெட்டியிலிருந்து மோட்டாரும் மிதியும் இடம்பெயர்ந்து வந்தன. அவற்றின் மேல் அவளுடைய சேலைகள். வீட்டில் இரண்டு பெட்டிகளாகக் கட்டி, இரண்டின் பிடியிலும் அடையாளத்துக்குக் கட்டம்போட்ட துணி முடிந்து கொண்டுவந்ததை, வாசலில் ஒன்றாக்கும்படி ஆகிவிட்டது.

வழியில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பே காரணம். பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தவர், “உங்க டிக்கெட்ல ரெண்டு பீஸ் இருக்கு, மறந்துடாதீங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். கணவர் பள்ளிக்கூட அலுவலகத்தில் ஜன்னலோரம் அமர்ந்து காலை முதல் மாலை வரை பீஸ் வாங்குகிறவர். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெட்டி இரண்டென்றால் பீஸும் இரண்டு. கையில் இருந்ததோ ஒன்றுக்கே போதுமா என்பது சந்தேகம்.

“ஒரே பெட்டியாக் கொண்டுபோனா ஒரு பீஸோட தப்பிச்சிடலாம்” என்று, மூடியின் மேல் முழங்காலை ஊன்றி ஜிப்பை இழுத்து மூடினார்.

உள்ளே பயணிகளுக்கு மட்டுமே அனுமதி. காலிப் பெட்டியை மார்போடு அணைத்தபடி அவர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டார்.

கடல் தாண்டி, தையற்காரியின் அக்கா ஒரு தையற்கடை திறக்கப்போகிறாள். கூட்டாளிகள் விதித்த நிபந்தனை ஆளுக்கொரு மிஷின் என்பதுதான். மிஷினோடு போனால் தங்கைக்கும் பங்கு; வெறுங்கையோடு போனால் அவள் விருந்தாளி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

கவுண்டரில் அவளால் பெட்டியைத் தூக்கி வைக்க முடியவில்லை. பின்னால் நின்றவர் கைகொடுத்துவிட்டு, “என்னம்மா, வீட்டு அஸ்திவாரத்தையும் பேத்து எடுத்துட்டு வந்துட்டீங்களா?” என்றார்.

எடைகாட்டியில் முப்பத்தொன்று என்று ஒளிர்ந்தது. ஒரு பெட்டி இருபத்துமூன்று கிலோவைத் தாண்டக் கூடாதாம். தாண்டினால் தனியாகச் சார்ஜ் உண்டாம். கவுண்டர்ப் பெண் காட்டிய தொகையோ அவளது முந்தானை முடிச்சில் இருந்ததைப்போல் நான்கு மடங்கு. பூனைகளுக்குப் பங்கு பிரித்த குரங்கின் கையிலிருந்த தராசு இப்படித்தான் இருந்திருக்கும் என்று தையற்காரி நினைத்தாள்.

“ரெண்டு பீஸா இருந்தா பிரச்சினையே இல்லம்மா. இன்னொரு பீஸ் எங்க?”

“ஒரு பீஸ்தான் மேடம் இருக்கு. இன்னொண்ணுக்கு வழியில்ல.”

“ரெண்டு இருக்குன்னுதான் இங்க காட்டுது.”

“இருந்தா வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்வேனா மேடம்?”

கவுண்டரை மூடப்போவதாக ஒலிபெருக்கி அறிவித்தது. எட்டு கிலோவைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சார்ஜைக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்தவரை அழைத்தாள்.

தையற்காரி பெட்டியை ஓரமாக இழுத்துத் திறந்தாள். சேலைகளையும் ரவிக்கைப் பீஸ்களையும் ஒன்றுவிடாமல் எடுத்து வெளியே போட்டாள். மறுபடி நிறுத்தபோது, இன்னும் மூன்று கிலோ அதிகம் என்றது எந்திரம். மிஞ்சியிருந்தது மிஷின் மட்டுமே. மோட்டாரை எடுத்தால் தலையால் பயனில்லை. தலையை எடுத்தால் பயணத்தாலேயே பயனில்லை.

கண்ணாடிக்கு அப்பால் கணவர் பெட்டியை அணைத்தபடியே, என்ன ஆயிற்று என்று கண்ணாடியைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மிஷின் தலையை வெளியே தூக்கினாள். தூக்கியவள் அதைக் கீழே வைக்க மனமில்லாமல், இடுப்பில் பிள்ளையைப்போல் இடுக்கிக்கொண்டு மறுபடி கவுண்டருக்கே வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எதிரே வைத்தாள்.

“இது ஒரு பீஸ் மேடம். இன்னொரு பீஸை எங்கக்கா அங்க கட்டிடுவா. தலையை மட்டும் விட்டுடச் சொல்லுங்க.”

கவுண்டர்ப் பெண் பணத்தைப் பார்த்தாள். பெட்டியின் பிடியில் இருந்த கட்டம்போட்ட துணியைப் பார்த்தாள். பிறகு அவளுடைய பார்வை கண்ணாடிச் சுவருக்குப் போய், அங்கேயே நின்றது.

“பீஸ்னா பணமில்லம்மா, பெட்டி. அதோ, அவர் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அதுதான் உங்க ரெண்டாவது பீஸ்.”